முதல் எண்ணும் முதல் வண்டியும்: டியர்பார்ன் ஆலை டீலர் ஆர்டர்களுக்கு எண் இட்ட முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் என்ற காரில், கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கன்வெர்டிபிள் வகையைச் சேர்ந்த வெள்ளை வண்டி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் சேஸிஸ் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இடப்படும் அடையாள எண், 5-எஃப்-08-எஃப்-100001. மஸ்டாங் வண்டிகளுக்கு ஃபோர்டு இட்ட தொடர் எண்களில் இதுவே முதலாவது. கனடாவின் கிழக்குக் கோடியான நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகர டீலரிடம் காட்சிக்காக அனுப்பப்பட்டிருந்த இந்த வண்டியை ஸ்டான்லி டக்கர் என்ற விமானி 1964 ஏப்ரல் 14 அன்று வாங்கிவிட்டார். மஸ்டாங் உலகுக்கு முறைப்படி அறிமுகமான நாள் ஏப்ரல் 17. அறிமுகத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே, விற்கப்படக்கூடாத ஒரு காட்சி வண்டி விற்கப்பட்டதும், அதை மீட்க ஃபோர்டு இரண்டு ஆண்டுகள் முயன்று, கடைசியில் பத்து லட்சத்து ஒன்றாவது மஸ்டாங்கைக் கொடுத்து அதைத் திரும்பப் பெற்றதும் பலர் அறிந்த செய்திகள்.

இந்த ஆய்வுக்குப் பொருள் அந்தச் செய்தியின் சுவை மட்டுமன்று. முதல் எண்ணைத் தாங்கிய வண்டி தலைமையகத்தின் வாசலில் நிற்காமல் எப்படி அவ்வளவு தொலைவிலுள்ள தீவுக்குப் போனது என்ற கேள்வியும், எண் ஒன்று என்பதால் அது முதலில் உருவான வண்டி என்று சொல்லலாமா என்ற கேள்வியும், 1960களின் அமெரிக்கக் கார் ஆலைகள் டீலர்களின் ஆர்டர்களை எப்படி வாங்கி, வரிசைப்படுத்தி, எண் இட்டன என்பதை அறியாமல் விடை காண முடியாதவை. பழைய அமெரிக்கக் கார்களைச் சேகரிப்போரிடையே எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த முறையைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் எழுவது என்பது என் கருத்து.

எண் என்ன சொல்கிறது

முதலில் எண்ணையே பிரித்துப் பார்ப்போம். தொடக்கத்திலுள்ள 5 என்பது 1965ஆம் ஆண்டு மாடலைக் குறிக்கும். மஸ்டாங் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று முறைப்படி தொடங்கியது என்றாலும், அன்று வெளிவந்தவை உட்பட எல்லா வண்டிகளுக்கும் ஃபோர்டு 5 என்றே இட்டது. ஆர்வலர்கள் ‘1964½’ என்று வழங்கும் ஆண்டு ஃபோர்டின் எண்களில் எங்கும் இல்லை. அடுத்து வரும் எஃப் என்ற எழுத்து டியர்பார்ன் ஆலையின் குறி. பின்னர் தேவை பெருகியபோது மஸ்டாங் தயாரித்த மற்ற இரு ஆலைகளுள் சான் ஹோசே ஆர் என்ற எழுத்தையும், நியூ ஜெர்சியின் மெட்டச்சன் டி என்ற எழுத்தையும் பெற்றன. 08 என்பது கன்வெர்டிபிள். நிலையான கூரையுள்ள ஹார்ட்டாப்புக்கு 07, கூரை பின்புறம் வரை சரிந்து செல்லும் ஃபாஸ்ட்பேக்குக்கு 09. இரண்டாவது எஃப் இயந்திரத்தின் குறி. இங்கே அது 260 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இயந்திரம். இவ்வளவும் சொன்ன பிறகுதான் 100001 என்ற தொடர் எண் வருகிறது.

இந்தத் தொடர் எண்ணின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஃபோர்டின் ஒவ்வோர் ஆலையும், ஒவ்வொரு மாடல் ஆண்டின் தொடக்கத்திலும், ஃபோர்டு பெயரிலான கார்களுக்கு 100001 என்ற எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கியது. அதே நிறுவனம் மெர்க்குரி என்ற பெயரில் விற்ற கார்களுக்குத் தொடக்க எண் 500001. ஆகவே ஒரே ஆண்டில் மூன்று ஆலைகளிலும் 100001 என்ற தொடர் எண் இருக்கலாம். ஆலை எழுத்துதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். அதோடு இந்த எண் வரிசை மாடலுக்கு உரியதன்று, ஆலைக்கு உரியது. ஓர் ஆலையில் மஸ்டாங்கோடு வேறு ஃபோர்டு கார்களும் தயாரானால் அவை அனைத்தும் ஒரே வரிசையிலிருந்து எண் எடுத்துக்கொள்ளும். எனவே அத்தகைய ஆலையிலிருந்து வந்த ஒரு மஸ்டாங்கின் எண் 150000 என்றால் அது அந்த ஆலையின் ஐம்பதாயிரமாவது மஸ்டாங் என்று கணக்கிடுவது தவறு. இந்தக் கணக்கை நம்பி எழுதப்பட்ட விற்பனை விளம்பரங்கள் இன்றும் வருகின்றன.

ஆர்டர் நடந்த வழி

எண் எங்கே, எப்போது பிறந்தது என்பதற்கு வருமுன், ஆர்டர் என்ற ஏற்பாடு எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆலை தயாரித்ததை டீலர் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. 1920–21 பொருளாதாரச் சரிவில் கடனுக்குப் பணம் தேவைப்பட்டபோது, ஹென்றி ஃபோர்டு டீலர்கள் கேட்காத வண்டிகளையும் அவர்களுக்கு அனுப்பிப் பணத்தை வசூலித்தார். 1924இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் நாட்டின் பல நகரங்களுக்குப் பயணம் செய்து, டீலர்களின் இடங்களில் விற்காமல் தேங்கிக் கிடந்த வண்டிகளைத் தம் கண்ணால் பார்த்த பின் உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார். அதன் தொடர்ச்சியாக டீலர்கள் பத்து நாளுக்கு ஒருமுறை தம் விற்பனையையும் கையிருப்பையும் புதிய ஆர்டர்களையும் தெரிவிக்கும் முறை ஏற்பட்டது. உற்பத்தி அட்டவணை அந்த அறிக்கைகளை ஒட்டித் திருத்தப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து மஸ்டாங் வந்தபோது, அமெரிக்காவின் பெரிய கார் நிறுவனங்களான ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் டீலரின் ஆர்டரை அடிப்படையாகக் கொண்டே ஆலையை நடத்தின.

இங்கே ஆர்டர் என்றால் வாடிக்கையாளர் கேட்டது மட்டுமன்று. டீலர் தம் கடையில் நிறுத்தி விற்பதற்காக, எந்த நிறம், எந்த இயந்திரம், எந்தக் கூடுதல் வசதிகள் நம் ஊரில் விலைபோகும் என்று தம் அனுபவத்தால் கணித்து எழுதியதும் ஆர்டரே. வாடிக்கையாளர் உட்கார்ந்து ஒவ்வொரு வசதியையும் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னதும் ஆர்டரே. மஸ்டாங் அறிமுகமான முதல் நாளில் மட்டும் 22,000 ஆர்டர்கள் எடுக்கப்பட்டன. முதல் பன்னிரண்டு மாதங்களில் 4,18,812 வண்டிகள் விற்றன. நீண்ட வசதிப் பட்டியலிலிருந்து வாங்குபவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பதே மஸ்டாங் விற்பனையின் அடிப்படை வாதமாக இருந்ததால், இந்த ஆர்டர்களில் ஒன்றைப் போல் ஒன்று இருக்க வாய்ப்புக் குறைவு. பல லட்சம் வேறுபட்ட தாள்களை ஒரு பெல்ட் போல் ஓடும் அசெம்பிளி லைனில் குழப்பமின்றி வண்டிகளாக மாற்ற வேண்டியிருந்தது என்பதே இந்த நிகழ்வின் மையச் சிக்கல்.

டீலர் எழுதிய ஆர்டர் முதலில் அவருடைய மாவட்ட விற்பனை அலுவலகத்துக்குப் போகும். ஃபோர்டு அமெரிக்காவை இத்தகைய மாவட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கக் குறி வைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் 71, சான் ஹோசே 72, சியாட்டில் 74. அங்கிருந்து ஆர்டர் நிறுவனத்தின் மையப் பதிவுக்குப் போய், அந்த வட்டாரத்துக்கு வண்டி வழங்கும் ஆலைக்கு ஒதுக்கப்படும். ஆலை தன் அட்டவணையில் அதற்கு இடம் கண்டதும் வண்டிக்கு எண் இடப்படும். அந்த நேரத்தில் வண்டி என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு தகடுகூட வெல்டிங் ஆகியிருக்காது. ரயில் முன்பதிவில் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்குப் பெட்டியும் இருக்கையும் முடிவாகுமுன்பே பி.என்.ஆர். எண் கிடைத்துவிடுவதைப் போல, சேஸிஸ் எண் முதலில் தாளுக்குச் சொந்தமாகி, பிறகே இரும்பில் பொறிக்கப்பட்டது.

இந்த வரிசையை இன்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவுகள் கணினித் தரவாக எஞ்சியிருப்பதும், அவற்றைப் பயன்படுத்தும் உரிமத்தை ஃபோர்டிடமிருந்து பெற்ற கெவின் மார்ட்டி என்பவர் ஒவ்வொரு வண்டிக்கும் அறிக்கை தயாரித்துக் கொடுப்பதுமே. அந்த அறிக்கையின் விரிவான வடிவத்தில் ஒரு வண்டியின் வாழ்க்கை வரிசையான தேதிகளாகப் பதிவாகியிருக்கும்: ஆர்டர் பெறப்பட்ட நாள், எண் இடப்பட்ட நாள், உடற்கூட்டு வேலை தொடங்கிய நாள், வண்டி உண்மையில் உருவாகி முடிந்த நாள், ஆலையிலிருந்து வெளியே விடப்பட்ட நாள், டீலர் விற்ற நாள். இவற்றோடு அட்டவணைப்படி உருவாக வேண்டிய நாளும் இருக்கும். ஆறு நிகழ்வுகளுக்கு ஆறு தேதிகள். ‘இந்த வண்டி எப்போது செய்யப்பட்டது’ என்ற சாதாரணமான கேள்விக்கு இவற்றுள் எதைச் சொன்னாலும் ஒரு வகையில் பொருந்தும் என்பதால், எந்தத் தேதி என்று சொல்லாமல் தேதி சொல்வதில் பயனில்லை.

மூன்றாவது தேதியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. தரைத்தகட்டையும் பக்கச் சட்டங்களையும் சரியான இடைவெளியில் பிடித்து நிறுத்தி வெல்டிங் செய்வதற்கான பெரிய தாங்கியை ஆலைக்காரர்கள் ‘பக்’ என்று அழைத்தார்கள். ஒரு ஆர்டர் அந்தத் தாங்கிக்கு ஏறிய நாளே அது காகிதத்திலிருந்து இரும்பாக மாறிய நாள். அப்போது உடற்கூட்டின் முன்பகுதியில் ஒரு சிறு உலோகத் தகடு பொருத்தப்பட்டது. உடற்கூட்டுத் தொழிலாளிக்குத் தேவையான செய்திகள் மட்டும் அதில் சுருக்கக் குறிகளாக இருந்தன. ஏர் கண்டிஷனர் உண்டா, எந்த வகைக் கியர் பெட்டி வரப்போகிறது, அதற்கேற்ப எங்கே துளையிட வேண்டும் என்பது போன்றவை. வண்டியின் முழு விவரங்களும் தனியே ‘பில்டு ஷீட்’ என்ற தாளில் இருந்தன. அந்தத் தாளில் சேஸிஸ் எண்ணோடு சுழற்சி எண் என்ற வேறொரு எண்ணும் காணப்படும். லைனில் எந்த உடற்கூட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்பதை ஆளும் எண் அதுவே. சேஸிஸ் எண்ணுக்கும் லைனின் வரிசைக்கும் இடையிலுள்ள விலகல் ஆலையின் அலட்சியத்தால் ஏற்பட்டதன்று என்பதற்கு இந்த இரண்டாவது எண்ணே சான்று. ஆலை இரண்டு வரிசைகளையும் தெரிந்தே தனித்தனியாக வைத்திருந்தது.

ஏன் அப்படி வைத்தது என்பது உற்பத்தித் திட்டமிடலில் பணிபுரிந்த எவருக்கும் எளிதில் விளங்கும். கன்வெர்டிபிளுக்கு அடிச்சட்டத்தில் கூடுதல் வலுவூட்டல் வேலை உண்டு. ஏர் கண்டிஷனர், பெரிய வி8 இயந்திரம் ஆகியவை லைனின் சில நிலையங்களில் அதிக நேரம் எடுக்கும். இத்தகைய வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் அந்த நிலையத்திலுள்ள தொழிலாளி தம் எல்லையைத் தாண்டி லைனோடு நகர்ந்துபோக நேரிடும். எளிய வண்டிகள் மட்டும் அடுத்தடுத்து வந்தால் அவர் சும்மா நிற்க நேரிடும். ஆகையால் கனமான ஆர்டர்களை எளிய ஆர்டர்களுக்கிடையே பரவலாக வைப்பது அட்டவணையாளரின் அன்றாட வேலை. ஏதேனும் ஓர் உதிரி பாகம் வரத் தாமதமானால் அது தேவைப்படும் ஆர்டர்கள் மட்டும் பின்னுக்குத் தள்ளப்படும். ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே இடப்பட்ட எண் மாறாது. இதனால் சிறிய எண்ணுள்ள வண்டி பெரிய எண்ணுள்ள வண்டிக்குப் பின்னால் லைனை விட்டு இறங்குவது விதிவிலக்கன்று, வழக்கம்.

தகட்டில் எழுதியதும் எழுதாததும்

ஓட்டுநர் பக்கக் கதவின் பின்விளிம்பில் ஃபோர்டு ஆணியடித்துப் பொருத்திய சிறு தகடு இந்த முறையின் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 1960களின் பிற்பகுதி மஸ்டாங் ஒன்றின் தகட்டில் உடற்கூட்டுக் கட்டத்தில் 63-ஏ, தேதிக் கட்டத்தில் 16-சி, மாவட்டக் கட்டத்தில் 71 என்று இருப்பதாகக் கொள்வோம். முதலாவது அது ஃபாஸ்ட்பேக் என்கிறது. இரண்டாவது மார்ச் மாதம் 16ஆம் நாளைக் குறிக்கிறது. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதங்கள் எழுத்துகளால் குறிக்கப்பட்டன. மூன்றாவது, ஆர்டர் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்திலிருந்து வந்தது என்கிறது.

இம்மூன்றையும் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. 16-சி என்பது வண்டி முடிந்த நாள் என்று பெரும்பாலானோர் கொள்கிறார்கள். தகடு அச்சடிக்கப்பட்டபோது அந்த வண்டிக்குத் திட்டமிடப்பட்டிருந்த நாளே அது. உண்மையில் முடிந்த நாள் அதற்குச் சில நாள் முன்னோ பின்னோ இருக்கலாம், அப்படி விலகினாலும் புதிய தகடு அடிக்கப்பட்டதில்லை. அதேபோல் 71 என்ற குறி வண்டி லாஸ் ஏஞ்சலிஸில் விற்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆர்டர் அந்த மாவட்டத்தின் கணக்கில் வந்தது என்பதற்கே அது சான்று. டீலர்கள் தமக்குள் வண்டிகளை மாற்றிக்கொள்வது அன்றும் இன்றும் நடைமுறையில் உள்ளது. டியர்பார்னிலேயே நிறுவனத்தின் சொந்தத் தேவைக்கு என ஒதுக்கப்பட்டவற்றுக்கு 84 என்ற குறி இருந்தது. ஏற்றுமதிக்கு 90 முதலான குறிகள் ஒதுக்கப்பட்டிருந்தன.

மாவட்டக் கட்டத்தில் இரண்டு இலக்கங்களுக்குப் பின் மேலும் நான்கு இலக்கங்கள் இருந்தால் அந்த வண்டி சிறப்பு ஆர்டர் என்று பொருள். வழக்கமான வசதிப் பட்டியலில் இல்லாத எதையோ ஒரு டீலரோ மாவட்டமோ கேட்டு, அதற்கு ஒப்புதல் பெற்று, தனி எண் வாங்கியிருக்கிறது. சிறப்பு நிறத்தில் அடிக்கப்பட்ட வண்டிகளில் நிறத்துக்கான கட்டம் வெறுமையாக விடப்பட்டது. வெறுமையான அந்தக் கட்டத்தையும் ஆறு இலக்க மாவட்ட எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் செய்தி கிடைக்கும். தனியே பார்த்தால் தகடு பழுதானது போலத் தோன்றும். ஆர்டரில் விதிக்குப் புறம்பான ஒன்று நுழைந்தபோது அதை மறைக்காமல், ஆனால் வழக்கமான குறிகளையும் கலைக்காமல், தகட்டிலேயே இடம் கொடுத்த இந்த ஏற்பாடு மிகவும் நேர்த்தியானது என்று கருதுகிறேன். டென்வர் வட்டாரத்துக்காக வந்த ‘ஹை கன்ட்ரி ஸ்பெஷல்’ போன்ற வட்டாரப் பதிப்புகளை இத்தகைய மாவட்ட அமைப்பு இல்லாமல் ஒரு பெரிய ஆலை தன் நடுவில் நுழைத்திருக்க முடியாது.

ஒரே வண்டிக்கு இரண்டு அமைப்புகள் எண் இட்ட நிகழ்வும் உண்டு. 1969இல் பாஸ் 429 என்ற மஸ்டாங்குக்காக டியர்பார்ன் ஆலை வண்டியைத் தயாரித்து, அதே மாநிலத்தின் பிரைட்டன் நகரில் இருந்த கார் கிராஃப்ட் என்ற நிறுவனத்துக்கு அனுப்பியது. அகலமான 429 கன அங்குலப் பந்தய இயந்திரத்தை உள்ளே வைப்பதற்கான மாற்று வேலைகள் அங்கே நடந்தன. சேஸிஸ் எண்ணை டியர்பார்ன் தன் வழக்கப்படி இட்டது. கார் கிராஃப்ட் கே.கே. என்ற முன்னொட்டோடு 1201இலிருந்து தொடங்கும் தன் சொந்த எண்ணைக் கதவில் ஒட்டியது. ஆர்டர் வந்த வரிசையை முதல் எண்ணும், பிரைட்டன் கூடத்தின் கணக்கை இரண்டாவது எண்ணும் காட்டுகின்றன. இவ்விரண்டுள் எது ‘உண்மையான’ வரிசை என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றும் எந்த மேசையில் எழுதப்பட்டது என்று கேட்பதே பயன் தரும்.

இனி 100001 என்ற வண்டிக்கு வரலாம். மார்ச் 9 அன்று முறையான உற்பத்தி தொடங்குமுன்பே டியர்பார்னில் முன்னோட்டத் தொகுதியாகச் சில வண்டிகள் உருவாக்கப்பட்டன. அறிமுக நாளில் வட அமெரிக்கா முழுவதுமுள்ள டீலர்களின் காட்சிக்கூடங்களில் வண்டி நிற்க வேண்டும் என்பது திட்டம். எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி கிடைக்க வேண்டுமானால் மிகத் தொலைவிலுள்ளவர்களுக்கு மிக முன்னதாக அனுப்ப வேண்டும். ஆகவே நியூஃபவுண்ட்லாந்துக்கான வண்டி வரிசையின் தலையில் இருந்தது. இரண்டாம் எண்ணைத் தாங்கிய ஹார்ட்டாப் வண்டி கனடாவின் மறு கோடியில், யூகான் பகுதியின் வைட்ஹார்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் எண் என்பதற்கு அந்தக் காலத் திட்ட அலுவலகத்தில் நினைவுச் சின்னத்தின் மதிப்பு இருந்ததில்லை. அனுப்ப வேண்டிய தாள்களின் மேலே இருந்த தாளுக்குக் கிடைத்த எண் அது. ஆதலால் 100001 ஃபோர்டு எண் இட்ட முதல் மஸ்டாங் என்பதில் ஐயமில்லை. லைனை விட்டு முதலில் இறங்கிய மஸ்டாங் அதுதான் என்பதற்கு அந்த எண் மட்டுமே சான்றாக முடியாது.

மற்ற இரு நிறுவனங்களில்

ஃபோர்டின் முறையை அமெரிக்க முறை என்று பொதுமைப்படுத்துவது தவறு. ஜெனரல் மோட்டார்ஸின் கார் பிரிவுகளுள் ஒன்றான ஷெவர்லேயில் நிலைமை வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் உடற்கூடுகளை ஃபிஷர் பாடி என்ற பிரிவு தயாரித்தது; அதை முழு வண்டியாக்கியது ஷெவர்லே பிரிவு. ஓஹாயோவின் நார்வுட் ஆலையில் ஷெவர்லேயின் கமேரோ என்ற காரின் 1969 மாடல் தயாரானபோது, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் ஃபிஷர் பாடி தன் உடற்கூட்டு எண்ணையும், மாதமும் வாரமும் மட்டும் காட்டும் தேதியையும் இட்டது. சேஸிஸ் எண் ஷெவர்லே கணக்கில் இடப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைவிடப் பெரிய வேறுபாடு இயந்திரத்தைப் பற்றியது. ஃபோர்டின் எண்ணில் இயந்திரத்துக்குத் தனி எழுத்து உண்டு. 1969 கமேரோவின் எண்ணில் 12437 என்ற தொடக்கம் ஷெவர்லே, கமேரோ, வி8, கூப்பே என்பதைச் சொல்லி அதோடு நின்றுவிடும். எந்த வி8 என்று சொல்லாது.

இதன் விளைவை இசட்.எல்.1 என்ற அரிய வகைக் கமேரோவில் காணலாம். நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கு விதித்திருந்தது. காவல்துறை, டாக்சி நிறுவனங்கள் போன்ற மொத்த வாடிக்கையாளர்களின் தனித் தேவைகளுக்காக மைய அலுவலகத்தின் ஒப்புதலோடு ஏற்கப்படும் சிறப்பு ஆர்டர் முறை ஒன்று ஷெவர்லேயில் இருந்தது. கோப்போ என்று அழைக்கப்பட்ட அந்த வழியில் சில டீலர்கள் இந்த விதியைத் தாண்டினர். இல்லினாய் மாநிலத்தின் லாஹார்ப் என்ற சிற்றூரில் டீலராக இருந்த ஃபிரெட் கிப், முழுதும் அலுமினியத்தாலான 427 கன அங்குல இயந்திரத்தோடு 50 கமேரோக்களுக்கு ஆர்டர் கொடுத்தார். நேரான குறுகிய தூரத்தில் நடக்கும் டிராக் பந்தயத்தில் அந்த வகை வண்டி அனுமதி பெற 50 வண்டிகள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். ஆர்டரின் கோப்போ எண் 9560. இயந்திரத்துக்கு மட்டும் 4,160 டாலர் விலை வைக்கப்பட்டதால் வண்டியின் விலை 7,000 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு ஒரு சிற்றூரில் 50 வண்டிகளை விற்க கிப்பால் முடியவில்லை. பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டு வேறு டீலர்களுக்குக் கொடுக்கப்பட்டன. மற்ற டீலர்களின் ஆர்டர்களையும் சேர்த்து மொத்தம் 69 இசட்.எல்.1 கமேரோக்கள் உருவாயின. அவ்வளவு அரிய இந்த வண்டிகளின் சேஸிஸ் எண்ணும் மிகச் சாதாரணமான வி8 கமேரோவின் எண்ணும் ஒரே அமைப்பில் இருக்கின்றன. 9560 என்ற எண் ஆர்டர் தாள்களில் உண்டு, சேஸிஸ் எண்ணில் இல்லை. போலி இசட்.எல்.1 ஒன்றை உருவாக்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான எண் முறை கிடையாது. இதன் காரணமாகவே ஷெவர்லே சேகரிப்போர் இயந்திரத்தின் மேல் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் பழைய விலைச்சீட்டுகளையும் அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள்.

கிரைஸ்லர் திட்டத் தேதியை வெளிப்படையாகவே எழுதியது. இயந்திர அறைக்குள் பக்கச் சுவரில் பொருத்திய தகட்டில், திட்டமிட்ட உற்பத்தி நாளும் ஆர்டர் எண்ணும் அடுத்தடுத்து இருக்கும். மாதங்கள் 1 முதல் 9 வரை எண்களாலும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவை ஏ, பி, சி என்ற எழுத்துகளாலும் குறிக்கப்பட்டன. ஆர்டர் எண் சேஸிஸ் எண்ணிலிருந்து வேறானதாக, தகட்டில் தன் சொந்த இடத்தோடு இருந்ததால், தாளின் அடையாளமும் வண்டியின் அடையாளமும் அங்கே குழம்புவதில்லை.

எஞ்சிய தாள்கள்

சட்டம் கட்டாயமாக்கிய தாள் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. அமெரிக்க செனட்டில் ஒக்லஹோமாவின் உறுப்பினராக இருந்த மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒட்டப்படும் சீட்டில் அதன் எண், கடைசியாகப் பொருத்தப்பட்ட ஆலை, எந்த டீலருக்கு எந்த ஊரில் ஒப்படைக்கப்படுகிறது, எந்த வழியில் கொண்டுவரப்பட்டது ஆகியவை இருக்க வேண்டும். விலையை மறைக்காமல் தெரிவிப்பதற்காகப் பிறந்த இந்தச் சட்டம், ஆர்டர் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை ஒரே தாளில் காட்டும் ஆவணத்தையும் தற்செயலாகத் தந்துவிட்டது. வாங்கியவர் கிழித்து எறியாமல் வைத்திருந்தால் மட்டுமே அது இன்று கிடைக்கும்.

நிறுவனங்களின் சொந்தப் பதிவுகள் ஒரே சீராக எஞ்சவில்லை. ஃபோர்டின் 1967 முதலான தரவு இருப்பதால், அந்த ஆண்டுகளின் மஸ்டாங்குக்குத் திட்டத் தேதியையும் உண்மைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதற்கு முந்தைய மஸ்டாங்குகளுக்கு, அதாவது மஸ்டாங் வரலாற்றின் மிக முக்கியமான முதல் இரண்டு மாடல் ஆண்டுகளுக்கு, அத்தகைய ஒப்பீடு பொதுவாக இயலாது. கதவுத் தகட்டையும் உடற்கூட்டில் பொறித்த எண்ணையும் வைத்தே பேச வேண்டியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு பிரிவான போன்டியாக்கின் கார்களுக்குரிய விலைச்சீட்டுகள் பாதுகாக்கப்பட்டு இன்று கேட்டுப் பெறும் நிலையில் உள்ளன. கனடாவில் விற்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கும் ஆவணம் கிடைக்கிறது. ஆனால் அமெரிக்காவுக்குள் விற்கப்பட்ட 1969 கமேரோவின் உரிமையாளருக்கு அப்படி நம்பிப் போகும் இடம் இல்லை. லைனில் வேலை செய்தவர்கள் வேலை முடிந்ததும் பில்டு ஷீட்டைப் பெட்ரோல் தொட்டியின் மேலோ இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கிடையிலோ விட்டுப்போனார்கள். கிரைஸ்லர் ஆலைகளிலும் அத்தாள்கள் இருக்கைகளுக்குள்ளேயே கிடைக்கின்றன. அதனால் இத்தகைய வண்டியை மீட்டெடுக்க முனைவோர் இருக்கை உறையைக் கிழிப்பதற்கு முன்பும், பெட்ரோல் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்வதற்கு முன்பும் அங்கே தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஈரம் படாமல் படமெடுத்துவிட்டே அதைத் தொட வேண்டும்.